பெட்ரோல் நிலையக் கடைச் சாப்பாட்டை நம்பலாமா?

கேள்வி: "என் கணவர் இரவில் வாடகைக் கார் ஓட்டுகிறார். நடுநிசி தாண்டிப் பெட்ரோல் போடும்போது அங்கேயே கடையில் சாண்ட்விச்சோ கறிபஃப்போ கப் நூடல்ஸோ வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறார். மலிவு, வேகம், கார் நிறுத்தக் காசு இல்லை என்கிறார். சிங்கப்பூரில்தான் கட்டுப்பாடு கடுமையாயிற்றே, பயப்படாதே என்றும் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் சாப்பாடு ஏன் அவ்வளவு மட்டமாக இருக்கிறது? உடம்புக்கு ஆகுமா?"

எப்போதாவது ஒரு நாள் சாப்பிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் ஐந்தாறு இரவு அதுவே சாப்பாடு என்றால் நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. அந்தச் சாப்பாட்டைச் செய்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, அந்த நேரமெல்லாம் அது எந்தச் சூட்டில் அல்லது குளிரில் இருந்தது, அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க அதில் எதைச் சேர்த்தார்கள், எதை விட்டுவிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். ருசி, பாதுகாப்பு, சத்து மூன்றுமே இதில்தான் நிற்கின்றன. நான் ஆயத்த உணவு செய்யும் இடங்களில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட்டுப்பாட்டைப் பற்றி உங்கள் கணவர் சொல்வது சரி. 2019 ஏப்ரலிலிருந்து சிங்கப்பூர் உணவு அமைப்பு இதையெல்லாம் ஒரே குடையின்கீழ் பார்க்கிறது. குளிரில் வைத்து விற்கும் பொட்டல உணவில் தேதி போட்டே ஆக வேண்டும், தேதி கடந்ததை விற்கக் கூடாது. நம் ஊரில் பெரிய அளவில் உணவு நச்சானபோது அது எங்கே நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். 2009 ஏப்ரலில் கேலாங் சிராய் தற்காலிகச் சந்தையில் இந்திய ரோஜாக் சாப்பிட்டு 154 பேர் நோய்வாய்ப்பட்டார்கள், இரண்டு பெண்கள் இறந்தார்கள். பச்சைக் கடலுணவிலிருந்த கிருமி, சாப்பிடத் தயாராக இருந்த ரோஜாக்கில் தொற்றியதுதான் காரணம். 2018 நவம்பரில் ரிவர் வேலியில் ஓர் உணவகம் அனுப்பிய பெந்தோ பொட்டலங்களால் 82 பேருக்கு உடம்பு முடியாமல் போனது, ஒருவர் இறந்தார். இரண்டுமே கையால் சமைத்து, கையால் எடுத்து வைத்த சாப்பாடு. தொழிற்சாலையில் மூடி முத்திரையிட்டு வரும் பொட்டலத்தில் நடுவில் படும் கைகள் குறைவு. அந்த வகையில் பெட்ரோல் நிலையத்து சாண்ட்விச், பலர் நினைப்பதைவிடப் பாதுகாப்பானது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பயம் தவறான இடத்தில் போய் உட்கார்ந்தால் உண்மையான கோளாறு கண்ணில் படாது.

பெட்ரோல் நிலையத்தில் பெரும்பாலும் சமைப்பதில்லை. செனோக்கோ, பாண்டான் லூப், பிடோக் போன்ற இடங்களிலுள்ள உணவுத் தொழிற்கூடங்களில், மத்திய சமையற்கூடங்களில், இந்தச் சாப்பாடு தயாராகிறது. கொஞ்சம் எல்லை தாண்டி உறைந்த நிலையிலும் வருகிறது. அங்கே சமைத்ததும் காற்றை வேகமாக அடித்துக் குளிரவைக்கும் இயந்திரத்தில் வைத்துச் சட்டென்று சூட்டை இறக்குவார்கள். வெப்பநிலையைக் குறித்துவைப்பார்கள், உலோகத் துண்டு இருக்கிறதா என்று கருவியில் ஓட்டிப் பார்ப்பார்கள். அதுவரைக்கும் ஒழுங்கு நன்றாகவே இருக்கும். பிறகு குளிர்லாரி, கடையின் பின்பக்கம், அலமாரி என்று பயணம். கடைசி அடிதான் பலவீனமானது. இரவு வேலையில் பெரும்பாலும் ஓர் ஊழியர்தான் இருப்பார். பெட்ரோலுக்குக் காசு வாங்குவது, அலமாரி நிரப்புவது, காப்பி இயந்திரத்தைத் துடைப்பது, பாவ் வேகவைப்பது எல்லாம் அவர் தலையில். சரக்கு வந்து இறங்கும்போது நான்கு கார்கள் வரிசையில் நின்றால் சாண்ட்விச் கூடை எவ்வளவு நேரம் வெளியே கிடக்கும்? அந்த ஊழியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஒருவரை வைத்து மூன்று பேர் வேலையை வாங்கும் முறைதான் தப்பு.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். எனக்கு அதிகம் பிடிக்காதது, வார்மர் என்கிற அந்த மஞ்சள் விளக்குக் கண்ணாடிப் பெட்டி. கறிபஃப், கோழி இறக்கை, சாசேஜ் எல்லாம் அதில் இருக்கும். உணவுப் பாதுகாப்பில் ஓர் அடிப்படைக் கணக்கு உண்டு. 5 டிகிரி செல்சியஸுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ், கிருமிகள் பெருகும். சமைத்த சாப்பாடு அந்த இடைவெளியில் மொத்தமாக நான்கு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கேட்டரிங் சாப்பாட்டில் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று சீட்டு ஒட்டுகிறார்களே, அதன் அடிப்படையும் இதுதான். ஆகவே வார்மர் 60 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும். அங்கேதான் சங்கடம். அந்தச் சூட்டில் கறிபஃப்பின் மாவு ஓடு மணிக்கு மணி காய்ந்து, ஓரம் கல்லாகிவிடும். இறக்கை சுருங்கிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டுமானால் சூட்டைக் கொஞ்சம் குறைக்கத் தோன்றும். குறைத்தால் உருளைக்கிழங்கு மசாலா இளஞ்சூட்டில், கிருமிக்கு ரொம்பப் பிடித்த சூட்டில், உட்கார்ந்திருக்கும். பாதுகாப்பாக வைத்தால் ருசி போகும், ருசியைக் காத்தால் பாதுகாப்பு போகும். சரக்கு வேகமாக விற்கிற இடத்தில் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை, ஒரு மணி நேரத்தில் பெட்டி காலியாகிவிடும். இரவு பத்து மணிக்கு வைத்ததை மூன்று மணிக்கு விற்கும் கடையில்தான் சிக்கல்.

"மைக்ரோவேவில் இன்னொரு தடவை சூடு பண்ணிக் கொடுங்கள்" என்று கேட்டு வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். முழுக்கச் சரியாகாது. கிருமி செத்துவிடலாம். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ், பேசிலஸ் சீரியஸ் போன்றவை பெருகும்போது விட்டுச்செல்லும் நச்சில் சில வகை கொதிக்கவைத்தாலும் அழியாது. சோறு, நூடல்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் வரும் வாந்திக்குக் காரணம் இதுதான். வார்மரிலிருந்து எடுக்கும் பொருள் கையில் தாங்க முடியாத சூட்டில் இருந்தால் வாங்கலாம். கை தாங்கும் இளஞ்சூடு என்றால் வேண்டாம். "இதை எப்போது வைத்தீர்கள்?" என்று கேட்கக் கூச்சப்படக் கூடாது. நல்ல ஊழியர் உள்ளதைச் சொல்வார், சில நேரம் "அண்ணே, இது வேண்டாம்" என்றே சொல்லிவிடுவார்.

சாசேஜ் பற்றி இன்னொன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 18 விழுக்காடு கூடுகிறது என்று கணக்கிட்டது. ஒரு ஹாட்டாக் சாசேஜ் கிட்டத்தட்ட அந்த எடைதான். எப்போதோ ஒன்று தின்றால் பெரிய விஷயமில்லை, ராத்திரிதோறும் ஒன்று என்றால் விஷயம்தான்.

சாண்ட்விச்சுக்கு வருவோம். ரொட்டி வறட்டென்று, நெஞ்சை அடைக்கிற மாதிரி இருப்பது ஏன் என்று பார்ப்போம். ரொட்டியிலுள்ள மாவுச்சத்து வெந்தபோது நெகிழ்ந்து நீரைப் பிடித்துக்கொள்கிறது. ஆற ஆறத் திரும்ப இறுகுகிறது. அந்த இறுக்கம் மிக வேகமாக நடப்பது குளிர்பெட்டியின் வெப்பநிலையில், அதாவது உறைநிலைக்குச் சற்று மேலே. வெளியே வைத்த ரொட்டியைவிடக் குளிர்பெட்டியில் வைத்த ரொட்டி சீக்கிரம் பழையதாகிறது. உள்ளே வைத்திருக்கும் முட்டை, டூனா, கோழி எல்லாம் குளிரில் இருந்தே ஆக வேண்டும். அதற்கு வெளியே இருக்கும் ரொட்டிக்கோ குளிர் ஆகாது. இந்த முரண்பாட்டைச் சமாளிக்க ரொட்டியில் சர்க்கரை, கொழுப்பு, மென்மை தரும் சேர்மங்கள் கூடுதலாகப் போகின்றன. உள்ளிருக்கும் ஈரம் ரொட்டியை நனைக்காமலிருக்க மயோனைஸையோ மார்ஜரினையோ சுவர் மாதிரித் தடவுகிறார்கள். வெள்ளரி, தக்காளி நீர் விடும் என்பதால் பெயருக்கு ஒரு துண்டு வைப்பார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். வெட்டிய பக்கத்தில் பூரணம் தளதளவென்று தெரியும், மூலையைப் பிரித்தால் வெறும் ரொட்டி. அது மட்டும் எனக்குக் கோபம் வரவழைக்கிற விஷயம். மற்றதற்கெல்லாம் விஞ்ஞானக் காரணம் இருக்கிறது, இதற்கு இல்லை.

சோற்று உருண்டைக்கும் இதே கதைதான். ஜப்பானில் இத்தகைய சோற்று உருண்டையை 20 டிகிரி வாக்கில், குளிர்பெட்டியின் குளிர் இல்லாமல், வைத்து விற்கிறார்கள். சோறு மெத்தென்று இருக்கும். அங்கே அப்படி முடிவதற்குக் காரணம் கடைக்குச் சரக்கு ஒரு நாளில் பல முறை, வெப்பநிலை வாரியாகப் பிரித்த லாரிகளில் வந்து இறங்குவது. காலையில் செய்தது மாலைக்குள் போய்விடும். இங்கே வெயில் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, ஆண்டு முழுக்க வெயில்தான். சரக்கும் மெதுவாகப் போகிறது. குளிரில் வைத்தே ஆக வேண்டும், சோறு கல்லாகிறது. "ஜப்பானில் மட்டும் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது?" என்று அங்கே போய் வந்தவர்கள் வியக்கிறார்கள். சமையல்காரரின் கைவண்ணத்தைவிடக் கூட்டமும் லாரியும்தான் அதற்குக் காரணம்.

இதைக் காசுக் கணக்காகவும் பார்க்க வேண்டும், அப்போதுதான் மட்டமாக இருப்பதன் காரணம் முழுசாகப் புரியும். ஒரு கடைக்காரர் பத்து சாண்ட்விச் வரவழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி முடிவதற்குள் ஆறுதான் விற்கிறது. நான்கைத் தூக்கிப் போட வேண்டும், அந்த நான்கின் காசையும் விற்ற ஆறிலிருந்தே எடுக்க வேண்டும். வாடகை, 24 மணி நேரச் சம்பளம், விளக்கு, குளிர்பெட்டி எல்லாம் அதன்மேல். பெட்ரோலிலேயே லாபம் பார்க்கலாம் என்றால் அதில் பெரும்பங்கு வரியும் கொள்முதலும். 2021 பிப்ரவரியிலிருந்து லிட்டருக்கு உயர்ரகப் பெட்ரோலுக்கு 79 காசும் மற்றதற்கு 66 காசும் தீர்வை மட்டுமே. ஆகவே கடைப் பொருளில்தான் நிலையத்துக்குக் கை நிறையும். இந்த நிலையில் கடைக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மிக ருசியானதை அல்ல, மிக நீண்ட நாள் கெடாமல் இருப்பதை. நாளைக்குள் விற்க வேண்டிய நல்ல சாண்ட்விச்சுக்கும் ஐந்து நாள் தாங்கும் சுமாரான சாண்ட்விச்சுக்கும் போட்டி என்றால் ஐந்து நாள்தான் ஜெயிக்கும். அந்த ஐந்து நாளுக்காக உப்பு கூடும், சர்க்கரை கூடும், புளிப்பு கூடும், காய்கறி குறையும். பொட்டலத்துக்குள்ளிருக்கும் காற்றை எடுத்துவிட்டு நைட்ரஜனும் கரியமில வாயுவும் அடைப்பார்கள். அதில் கெடுதல் ஒன்றுமில்லை, வேலையைச் சரியாகச் செய்கிறது. ஆனால் பழையது பழையதுதான்.

ஆக, மலிவா? விலைச்சீட்டைப் பார்த்தால் மலிவு போலத் தெரியும். அதே காசுக்கு, அல்லது ஒரு வெள்ளி கூடுதலாகக் கொடுத்து, 24 மணி நேரப் பரோட்டாக் கடையில் கல்லிலிருந்து இறங்கியதைப் பருப்புக் கறியோடு சாப்பிடலாம். பரோட்டா சத்துணவு என்று சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணெதிரே வெந்தது, 5-க்கும் 60-க்கும் நடுவில் கிடக்க அதற்கு நேரமே இல்லை. உங்கள் கணவருக்கு அங்கே போகத் தடையாக இருப்பது கார் நிறுத்துமிடமும் நேரமும் என்பது எனக்குத் தெரியும். பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, இறங்கி ஐந்து நிமிடத்தில் அடுத்த சவாரி எடுக்கலாம். இரவில் ஓட்டுகிறவர்களுக்கு அது சின்ன வசதி இல்லை. அதனால் "அங்கே சாப்பிடாதே" என்று சொல்வதில் பயனில்லை. அங்கேயே எதை எடுப்பது என்று தெரிந்துகொள்வதுதான் உதவும்.

அதற்கு முன்னால் உப்பையும் சர்க்கரையையும் பேசிவிட வேண்டும், உண்மையான சேதம் மெதுவாக அங்கேதான் நடக்கிறது. ஒரு நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்பு. சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 2022 ஆய்வில் சிங்கப்பூர்வாசிகள் சராசரியாக 3,620 மில்லிகிராம் எடுத்துக்கொள்வது தெரியவந்தது. இதில் ஒரு கப் நூடல்ஸில் மட்டும் 1,500 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போட்டு, குழம்பைக் குடிக்காமல் விட்டாலே பெரிய அளவு குறையும். பானங்களில் ஏற்கெனவே இருப்பதுபோல், உடனடி நூடல்ஸ், சாஸ், சமையல் எண்ணெய் போன்றவற்றிலும் சோடியத்துக்கும் நிறைகொழுப்புக்கும் தர எழுத்து போடும் முறை 2027 நடுப்பகுதியில் வரவிருப்பதாகச் சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது. கறிபஃப், பேஸ்ட்ரி வகைகளுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. பகுதி ஹைட்ரஜனேற்றிய எண்ணெய்க்கு 2021 ஜூன் 1 முதல் இங்கே தடை, ஆகவே டிரான்ஸ் கொழுப்பு பயம் பெரிதும் நீங்கிவிட்டது. இருந்தாலும் மொறுமொறுப்புக்குப் போடும் கொழுப்பில் நிறைகொழுப்பு நிறையவே இருக்கிறது.

பானத்தில் ஒரு கணக்கைப் பலர் கவனிப்பதில்லை. 2022 டிசம்பர் 30 முதல் பொட்டலப் பானங்களில் 'ஏ' முதல் 'டி' வரை தரம் காட்டும் நியூட்ரி-கிரேட் எழுத்து வந்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'சி', 10 கிராமுக்கு மேல் என்றால் 'டி'. 'பி' என்று பார்த்ததும் நல்லது என்று எடுத்துவிடுகிறோம். 'பி' பானத்தில் 100 மில்லிக்கு 5 கிராம் வரை இருக்கலாம். அரை லிட்டர் பாட்டிலை முழுக்கக் குடித்தால் 25 கிராம், ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை. தூக்கம் வராமலிருக்க ஓர் இரவில் இரண்டு பாட்டில் குடிக்கும் ஓட்டுநர்களை எனக்குத் தெரியும். சிங்கப்பூரில் இந்தியர்களுக்கு நீரிழிவு சீனர்களைவிட அதிகம். இரவு முழுக்க உட்கார்ந்த வேலை, பகலில் அரைத் தூக்கம், அதன்மேல் இந்தச் சர்க்கரை. உங்கள் கணவர் குடிப்பதைத்தான் முதலில் மாற்றுங்கள், சாண்ட்விச் இரண்டாவது. நிலையத்துக் காப்பி இயந்திரத்திலும் சர்க்கரை இல்லாத காப்பி கிடைக்கும், 'கோப்பி ஓ கோசோங்' பழகினவருக்குக் கஷ்டமே இல்லை.

சைவமா அசைவமா என்று பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவில் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி சட்டப்படி இருக்கும், இங்கே அப்படிக் கட்டாயம் கிடையாது. உருளைக்கிழங்கு பஃப் என்று எழுதியிருந்தாலும் உள்ளே கோழிச் சாறு, முட்டைத் தூள், நெத்திலிச் சாறு இருக்கலாம். சேர்மானப் பட்டியலைப் படிக்காமல் வழி இல்லை. ஹலால் தேவைப்படுவோர் முயிஸ் (சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம்) முத்திரையைப் பொட்டலத்தில் பார்க்க வேண்டும். கடைச் சுவரில் எங்கோ ஒட்டியிருப்பது எல்லாப் பொருளுக்கும் பொருந்தாது.

பெட்ரோல் வாசம் சாப்பாட்டில் ஏறுமா என்றும் சிலர் கேட்பதுண்டு. மூடிய பொட்டலத்துக்கு அந்தக் கவலை வேண்டாம். தானே குழாயைப் பிடித்துப் பெட்ரோல் போட்ட கையோடு பரோட்டாவைப் பிய்த்துச் சாப்பிடக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அவ்வளவுதான்.

குடும்பமாக ஜொகூருக்குப் போகிறவர்களுக்கும் இதில் ஒரு விஷயம் உண்டு. முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர்க் காரை எல்லை தாண்டவிடமாட்டார்கள், அதனால் உட்லண்ட்ஸ் வழியில் நிலையத்தில் நிற்கிறோம். பிள்ளைகளுக்கு என்று முட்டை சாண்ட்விச்சும் பாலும் வாங்கிக் காரில் போட்டுக்கொள்கிறோம். பாலத்தில் இரண்டு மூன்று மணி நேர நெரிசல். பிள்ளை தூங்கி எழுந்து பசிக்கிறது என்று கேட்கும்போது அந்த சாண்ட்விச் குளிரை விட்டு வந்து எவ்வளவு நேரமாயிற்று? பொட்டலத்துத் தேதி, குளிரில் இருக்கும்வரைக்கும்தான் பேசும். அந்த வழிக்கு பிஸ்கட், வாழைப்பழம், வறுத்த கடலை, வெளியே வைக்கக்கூடிய பன் போதும்.

சரி, எதை எடுப்பது? வெந்த முட்டை, வாழைப்பழம், சர்க்கரை சேர்க்காத பால் அல்லது சோயா பால், உப்புப் போடாத கடலை இருந்தால் அவைதான் முதல். அப்புறம் உறைந்த உணவு. உறைநிலையில் கிருமி பெருகாது, சேர்மமும் அதிகம் தேவைப்படாது. வார்மருக்கும் குளிர்பெட்டிக்கும் உறைபெட்டிக்கும் நடுவில் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் உறைபெட்டிக்குத்தான் கை நீட்டுவேன். மைக்ரோவேவில் வைக்கும்போது பொட்டலத்தில் சொன்ன நேரத்துக்கு முன்னால் எடுக்காதீர்கள். நடுவில் நிறுத்தி ஒரு முறை கிளறி, எடுத்தபின் ஒரு நிமிடம் மூடியே வைக்க வேண்டும். மைக்ரோவேவ் எல்லா இடத்தையும் ஒன்றுபோல் சுட வைக்காது, ஓரம் கொதித்தாலும் நடு குளிராகவே இருக்கும். நடுவரை ஆவி பறக்கிற சூடு, 75 டிகிரி, வந்தால்தான் கிருமிக்கு முடிவு. சாண்ட்விச்தான் வேண்டும் என்றால் பின்வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கதவில்லாத குளிர்பெட்டியில் முன்வரிசை எப்போதும் சற்றுச் சூடாக இருக்கும், பின்னால் இருப்பதற்குத் தேதியும் பெரும்பாலும் தள்ளியிருக்கும். பொட்டலத்தைத் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணிகளோ முதியவர்களோ இருந்தால் பதப்படுத்திய இறைச்சி வைத்த குளிர் சாண்ட்விச்சை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டியிலும் வளரும். அதனிடம் வாசமும் இல்லை, நிறமாற்றமும் இல்லை.

நீங்களே கட்டிக் கொடுக்கலாமே என்று யோசித்திருப்பீர்கள். அது எல்லாவற்றையும்விட நல்லது, ஆனால் அந்த நான்கு மணிக் கணக்கு வீட்டுச் சாப்பாட்டுக்கும் உண்டு. மாலை ஆறுக்கு வடித்த சோற்றைச் சாதாரணப் பெட்டியில் கட்டி, அவர் இரண்டு மணிக்குத் திறந்தால் அது வார்மர் கறிபஃப்பைவிட மோசம். சூடாகக் கொடுக்க வேண்டுமானால் நல்ல பிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றிச் சில நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, சுடச்சுட ரசமோ கஞ்சியோ பருப்போ ஊற்றி மூடுங்கள். அவர் திறக்கும்போதும் ஆவி பறந்தால் அந்த பிளாஸ்க் போதும். சூடு இல்லாமல் கொடுப்பதென்றால் புளிச்சோறு நல்லெண்ணெய் விட்டுக் கிளறியது தாக்குப்பிடிக்கும், புளிப்பில் கிருமி சுலபமாகப் பெருகாது. பயணத்துக்குப் பாட்டிகள் புளிச்சோறு கட்டியது காரணமில்லாமல் இல்லை. சப்பாத்தியும் நீர் வற்றிய உருளைக்கிழங்கு வறுவலும் என்றால், அதற்குக் கீழே குளிர்க்கட்டிப் பை ஒன்று வைத்தே அனுப்புங்கள். தேங்காய்ச் சட்னி, தேங்காய்ப் பால் சேர்ந்த குருமா, முட்டைக் கறி இந்த மூன்றையும் இரவு வண்டியில் அனுப்பாதீர்கள்.

எப்போதாவது சாப்பிட்டபின் வயிறு கெட்டால் பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள். மீதியை இறுக மூடிக் குளிர்பெட்டியில் வைத்து, தேதியும் தொகுதி எண்ணும் தெரியும்படி படம் எடுத்து, ரசீதையும் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வாந்தியோ பேதியோ நிற்காவிட்டால், காய்ச்சலோ இரத்தமோ இருந்தால், காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டார் என்பதை அவரிடம் சொல்ல வேண்டும். சிங்கப்பூர் உணவு அமைப்பின் இணையத்தளத்தில் புகார்ப் படிவம் இருக்கிறது, அன்றே எழுதி அனுப்புங்கள். கடைக்காரரிடம் சண்டை போட்டுக் காசைத் திரும்ப வாங்குவதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். தொகுதி எண்ணோடு புகார் போனால்தான் கோளாறு அந்த ஒரு கடையின் குளிர்பெட்டியிலா, தொழிற்கூடத்திலா என்று பிரித்துப் பார்க்க முடியும். தொழிற்கூடம் என்றால் அதே தொகுதியில் தீவு முழுக்கப் போன மற்றப் பொட்டலங்களை எந்தெந்த அலமாரியிலிருந்து எடுக்க வேண்டும் என்பதும் அந்த எண்ணை வைத்துத்தான் தெரியும்.